புதுக்கோட்டைக் குன்றுகளுக்கு முதன்முறை செல்வோருக்கு

தஞ்சாவூரிலிருந்து மதுரைக்கும் திருச்சியிலிருந்து இராமேசுவரத்துக்கும் செல்கிறவர்களில் பலர் புதுக்கோட்டையைப் பேருந்தின் சன்னல் வழியாக மட்டுமே பார்த்திருக்கிறார்கள். சாலையின் இருபுறமும் தைலமரக் காடும் செம்மண் பொட்டலும், நடுநடுவே யானை படுத்தாற்போல ஒரு மொட்டைப் பாறையும் தெரியும். இதில் பார்க்க என்ன இருக்கிறது என்று கண்ணை மூடிக்கொள்வார்கள். இரண்டாயிரம் ஆண்டுப் பழமையுள்ள கற்படுக்கைகளும், பாண்டியர் காலத்து ஓவியங்களும், முத்தரையர் என்னும் குறுநில மன்னர் குடைந்த கோயில்களும், இந்திய இசை வரலாற்றில் தனியிடம் பெற்ற ஒரு கல்வெட்டும் அந்த மொட்டைப் பாறைகளில்தான் இருக்கின்றன.

அந்தப் பக்கம் இதுவரை போகாத, கல்வெட்டோ சிற்பமோ முறையாகப் படித்திராத ஒருவர், சொந்த வண்டி இல்லாமல், மூன்று நாளில் இவற்றை எப்படிப் பார்க்கலாம் என்பதை வரிசையாகச் சொல்வதே இக்கட்டுரையின் நோக்கம். தொடங்கும் முன்பே ஒன்றைச் சொல்லிவிடுகிறேன். இவ்விடங்களில் பெரும்பாலும் வழிகாட்டிகள் கிடைப்பதில்லை. விளக்கப் பலகைகளும் குறைவு. எதைத் தேடி வந்தோம் என்று தெரியாமல் வருகிறவருக்குப் பாறையும் வெயிலும்தான் மிஞ்சும். ஒரே நாளில் ஆறு இடங்களைப் பார்த்து முடித்ததாகச் சொல்லிக்கொள்பவர்கள் உண்டு. ஆறு இடங்களின் முன்னும் நின்று படம் எடுத்தார்கள் என்றே நான் அதற்குப் பொருள் கொள்வேன். நாளுக்கு இரண்டு இடங்கள் போதும்.

காலமும் தங்குமிடமும்

வடகிழக்குப் பருவமழை ஓய்ந்த பிறகு, கார்த்திகை இறுதியிலிருந்து மாசி வரை உள்ள காலமே இதற்கு ஏற்றது. அப்போது சுனைகளில் நீர் இருக்கும், கண்மாய்கள் நிறைந்திருக்கும், காலை வெயில் பொறுக்கும்படி இருக்கும். பங்குனியிலிருந்து ஆனி வரை காலை பத்து மணிக்குமேல் பாறையில் கால் வைக்க முடியாது. ஐப்பசி மழையில் வருவதும் நல்லதன்று. சரிவுப் பாறையில் பாசி படர்ந்து வழுக்கும், பிடித்துக்கொள்ள ஒரு செடிகூட இராது. பங்குனியில் நார்த்தாமலை முத்துமாரியம்மன் கோயில் திருவிழாவுக்கு மாவட்டமே திரண்டு வரும். திருவிழாவைக் காண விரும்புவோர் அப்போதே வரலாம். குகைகளைத் தனிமையில் பார்க்க விரும்புவோர் அந்த நாட்களைத் தவிர்க்க வேண்டும்.

தங்குவதற்குப் புதுக்கோட்டை நகரமே சரியான இடம். திருச்சியிலிருந்து ஏறக்குறைய 55 கிலோமீட்டர், தஞ்சாவூரிலிருந்து 60, மதுரையிலிருந்து 110 கிலோமீட்டர் தொலைவில் அது இருக்கிறது. திருச்சி–காரைக்குடி இருப்புப்பாதையில் ரயில் நிலையமும் உண்டு. அறை எளிமையாக இருந்தாலும் பேருந்து நிலையத்துக்கு நடந்து போகும் தொலைவில் இருக்கட்டும். விடியற்காலையில் புறப்படுகிறவருக்கு அந்த வசதியே பெரிது. புதுக்கோட்டைச் சமஸ்தானத்தை ஆண்ட தொண்டைமான்களின் தலைநகராக இருந்த ஊர் இது. சமஸ்தானம் 1948 மார்ச் 3 அன்று இந்திய ஒன்றியத்தோடு இணைந்து திருச்சி மாவட்டத்தின் பகுதியாயிற்று. 1974-இல் தனி மாவட்டமானது. வீதிகள் நேராகவும் அகலமாகவும் ஒன்றையொன்று வெட்டிச் செல்வதை முதல் நாள் மாலை நடையிலேயே உணரலாம். இன்று மாவட்ட ஆட்சியர் அலுவலகமாக இருப்பது அக்காலத்துப் புதிய அரண்மனை.

போக்குவரத்துக்கு அரசு நகரப் பேருந்துகளையும், திரும்பி வரும்போது தேவைப்பட்டால் ஆட்டோவையும் நம்பலாம். சாதாரணக் கட்டண நகரப் பேருந்துகளில் பெண்களுக்குக் கட்டணம் இல்லை. ஏறுவதற்கு முன் நடத்துநரிடம் ஊர்ப் பெயரைச் சொல்லாமல், இறங்க வேண்டிய இடத்தைச் சொல்லிக் கேட்க வேண்டும். “நார்த்தாமலை போகுமா?” என்று கேட்டால் ஊருக்குள் போகாத வண்டிக்காரர் இல்லை என்று தலையாட்டிவிடுவார், “நார்த்தாமலைப் பிரிவில் நிற்குமா?” என்று கேட்டால் அவரே இடம் பார்த்து இறக்கிவிடுவார். இறங்கும்போதே திரும்பும் வண்டி எத்தனை மணிக்கு என்றும் அவரிடம் கேட்டுவிட வேண்டும். அவர் சொல்லும் நேரத்தையே நம்ப வேண்டும், கைபேசி காட்டுவதை அன்று.

பையில் இருக்க வேண்டியவை

ஆளுக்கு இரண்டு லிட்டர் தண்ணீர், தொப்பி அல்லது துண்டு, பொட்டலமாகக் கட்டிய புளிச்சோறோ தயிர்ச்சோறோ, சில்லறைக் காசு ஆகியவை கட்டாயம் வேண்டும். குன்றுகளின் மேல் கடை கிடையாது. கோயிலுக்குள் செருப்பைக் கழற்ற வேண்டியிருப்பதாலும், கழற்றிய பின் சுடுகல்லில் நடக்க வேண்டியிருப்பதாலும், தடித்த காலுறை ஒரு சோடி இருந்தால் நன்றி சொல்வீர்கள்.

ஒரு கைவிளக்கும் அவசியம். அதைப் பயன்படுத்தும் முறையையும் தெரிந்துகொள்ள வேண்டும். கல்வெட்டின் மீது ஒளியை நேராகப் பாய்ச்சினால் எழுத்தும் கல்லும் ஒன்றாகிப் போகும். விளக்கைச் சுவரை ஒட்டிப் பக்கவாட்டில் சாய்த்துப் பிடித்தால் ஒவ்வொரு வெட்டிலும் நிழல் விழுந்து எழுத்துகள் எழும்பி வரும். தேய்ந்த சிற்பத்துக்கும் இதே வழிதான். எழுத்துத் தெரியவில்லை என்பதற்காகச் சுண்ணாம்புக்கட்டியால் தேய்ப்பதும், மாவு பூசுவதும், நாணயத்தால் சுரண்டுவதும் கல்லைக் கெடுக்கும் செயல்கள், சட்டப்படியும் குற்றமாகும். ஓவியங்களுக்கு அருகே விளக்கை எடுக்கவே வேண்டாம்.

கல்வெட்டு வாசிக்க ஆசைப்படுகிறவருக்கு ஒரு குறிப்பு. புதுக்கோட்டைச் சமஸ்தானம் தன் எல்லைக்குள் இருந்த கல்வெட்டுகளின் பாடங்களைத் தொகுத்து 1929-இலேயே அச்சிட்டு வெளியிட்டது. அந்தப் பாடங்களில் இரண்டு மூன்றை எழுதி எடுத்துக்கொண்டு போய்ப் பாறையில் உள்ளதோடு எழுத்து எழுத்தாக ஒப்பிட்டுப் பார்த்தால், ஒரே காலைப் பொழுதில் பழைய எழுத்துகளில் பத்துப் பதினைந்து பழகிவிடும். நான் கற்றுக்கொண்டதும் இப்படித்தான்.

முதல் நாள்: சித்தன்னவாசல்

புதுக்கோட்டையிலிருந்து அன்னவாசல் வழியாகச் செல்லும் பேருந்தில் ஏறினால் ஏறத்தாழ 16 கிலோமீட்டரில் சித்தன்னவாசல் வரும். ‘சிற்றண்ணல்வாயில்’ என்பதே திரிந்து சித்தன்னவாசல் ஆயிற்று என்பர். தொல்லியல் துறையின் பாதுகாப்பில் உள்ள இடம் என்பதால் நுழைவுச் சீட்டு வாங்க வேண்டும். திறக்கும் நேரத்துக்கே அங்கே நிற்பது நல்லது. கற்படுக்கைக் குகையான ஏழடிப்பட்டமும், ஓவியங்கள் உள்ள சமணக் குடைவரையான (பாறையைக் குடைந்த கோயிலான) அறிவர் கோயிலும் ஒரே குன்றில் வெவ்வேறு இடங்களில் இருக்கின்றன. சீட்டைக் கசக்கி எறிந்துவிடாதீர்கள்.

ஏறுவது கடினமாதலால் ஏழடிப்பட்டத்தை முதலில் முடித்துவிட வேண்டும். மேற்குப் பக்கத்திலிருந்து மேலேறி, முகட்டைக் கடந்து, கிழக்குச் சரிவில் உள்ள இயற்கைக் குகைக்குப் போக வேண்டும். காலை ஊன்றுவதற்காகப் பாறையில் வெட்டிய குழிகளால் வந்த பெயர் ஏழடிப்பட்டம். குகைக்குள் தரையில் 17 கற்படுக்கைகள் வழவழப்பாகத் தேய்க்கப்பட்டு, தலைமாட்டில் தலையணைபோல் மேடு விட்டு வெட்டப்பட்டுள்ளன. அவற்றுள் பெரிய படுக்கையின் ஓரத்தில், தமிழின் மிகப் பழைய எழுத்தான தமிழ்பிராமியில் வெட்டிய கல்வெட்டு இருக்கிறது. எருமிநாட்டுக் குமுழூரில் பிறந்த ஒருவருக்குச் சிறுபொசில் இளையர் இந்த இருக்கையைச் செய்து கொடுத்தார் என்பது அதன் செய்தி. இது கிறித்துவுக்கு முற்பட்ட காலத்து எழுத்து. பல நூற்றாண்டுகளுக்குப் பின் வந்த சமணத் துறவிகளும் பக்கத்துப் படுக்கைகளில் தம் பெயர்களைப் பொறித்திருக்கிறார்கள். அரசன் பெயரோ போர்ச் செய்தியோ எதுவும் இல்லை. யார் வந்து தங்கினார், அவருக்கு யார் இடம் செய்து கொடுத்தார் என்பது மட்டுமே எழுதப்பட்டிருக்கிறது. கம்பிக் கதவுக்கு வெளியே நின்று கிழக்கே பார்த்தால், அவர்கள் பார்த்த அதே பொட்டலும் குளங்களும் தெரியும். அங்கே கால்மணி நேரமாவது உட்கார்ந்திருங்கள்.

இறங்கி வந்து, குன்றின் மேற்குச் சரிவில் உள்ள அறிவர் கோயிலுக்குச் செல்ல வேண்டும். முகப்பில் நிற்கும் தூண் மண்டபத்தைப் பார்த்துப் பல்லவர் தூணோ பாண்டியர் தூணோ என்று குழம்ப வேண்டியதில்லை. குடுமியான்மலையிலிருந்து கொண்டுவந்த தூண்களைக் கொண்டு சமஸ்தான காலத்தில் எழுப்பிய மண்டபம் அது. உள்ளே இருக்கும் குடைவரை சிறியது. உள்ளே போனதும் பலரும் மேலே அண்ணாந்து பார்த்து, ஒன்றும் தெரியவில்லையே என்று ஒரு நிமிடத்தில் வெளியே வந்துவிடுகிறார்கள். வெளி வெயிலில் கூசிய கண்ணுக்கு ஐந்து நிமிடமாவது நேரம் கொடுக்க வேண்டும். காப்பாளரிடம் சொல்லிவிட்டுத் தரையில் உட்கார்ந்தால், கருவறைக்கு முன்னுள்ள அர்த்தமண்டபத்து விதானத்தில் முதலில் பச்சைத் திட்டாகத் தெரிவது தாமரை இலைகளாகும்; பிறகு மொட்டுகளும் பூக்களும், அவற்றுக்கிடையே மீன்களும் வாத்துகளும், எருமையும் யானையும், கையில் பூவோடு நிற்கும் ஆடவரும் ஒவ்வொன்றாகத் துலங்கி வருவார்கள். தீர்த்தங்கரர் உபதேசம் செய்யும் அவையாகச் சமணர் சொல்லும் சமவசரணத்தில், அதைக் கேட்கச் செல்லும் பவ்வியர்கள், அதாவது வீடுபேற்றுக்குத் தகுதியுள்ளவர்கள், இறங்கிப் பூப்பறிக்கும் தடாகம் இது. தூண்களில் ஆடல் மகளிர் இருவரும், அரசன் அரசியின் உருவங்களும் இருக்கின்றன. ஆடல் மகளிரின் இடைவளைவு ஒரே கோட்டில் இழுத்ததுபோல் இருக்கும். வண்ணம் பெரும்பாலும் போய்விட்டாலும் கோடு போகவில்லை.

பழைய நூல்களில் இவ்வோவியங்கள் மகேந்திரவர்மப் பல்லவன் காலத்தவை என்று படித்திருப்பீர்கள். அருகே உள்ள பாறைக் கல்வெட்டோ, அவனிபசேகரன் ஸ்ரீவல்லபன் என்னும் பாண்டியன் காலத்தில், அதாவது 9ஆம் நூற்றாண்டில், மதுரை ஆசிரியன் இளங்கௌதமன் இக்கோயிலின் அர்த்தமண்டபத்தைப் புதுக்கியதாகச் சொல்கிறது. இன்று நாம் காணும் ஓவியங்களை அந்தத் திருப்பணியோடு சேர்த்துப் பார்ப்பதே பெரும்பாலோர் கருத்து.

வெளியேறும் முன் செய்ய வேண்டியது ஒன்று உண்டு. கருவறையின் நடுவில் நின்று, வாயை மூடிக்கொண்டு தாழ்ந்த குரலில் ‘ம்’ என்று நீட்டி ஒலித்தால் அறை முழுவதும் அதிர்ந்து நிறையும். குரலை உயர்த்தினால் இது நிகழாது. ஐந்தாறு பேர் சேர்ந்து கூச்சலிட்டு எதிரொலி கேட்பதை நான் பார்த்திருக்கிறேன். அவர்களுக்குக் கிடைத்தது இரைச்சல் மட்டுமே.

குன்றைச் சுற்றியுள்ள வெளியில் பெருங்கற்கால ஈமச்சின்னங்களான கல்வட்டங்கள் பரவிக் கிடக்கின்றன. வெயில் ஏறாதிருந்தால் அவற்றையும் பார்த்துவிட்டு, நண்பகலில் நகருக்குத் திரும்பிவிடலாம்.

பிற்பகலுக்குத் திருக்கோகர்ணத்தில் உள்ள அரசு அருங்காட்சியகத்தை வைத்துக்கொள்ளுங்கள். 1910-இல் தொடங்கப்பட்ட இது வெள்ளிக்கிழமைகளில் மூடியிருக்கும்; பயண நாட்களை அதற்கேற்ப அமைக்க வேண்டும். மாவட்டத்தின் பல ஊர்களிலிருந்து வந்த கற்சிற்பங்களும் செப்புத் திருமேனிகளும் நாணயங்களும் இங்கே இருக்கின்றன. நாணயங்களில் ‘அம்மன் காசு’ எது என்று கேட்டுப் பாருங்கள். ஒரு பக்கம் பிரகதாம்பாள் உருவமும் மறுபக்கம் ‘விஜய’ என்ற எழுத்தும் கொண்ட மிகச் சிறிய செப்புக்காசு அது. அந்தப் பிரகதாம்பாள் குடியிருப்பதோ, நடந்து போகும் தொலைவில் உள்ள திருக்கோகர்ணேசுவரர் கோயிலில். தொண்டைமான் அரசர்கள் தம்மைப் பிரகதாம்பாள் தாசர் என்றே சொல்லிக்கொண்டார்கள். கருவறை ஒரு குடைவரை. மாலை நடை திறந்ததும் போனால் கூட்டமின்றிப் பார்க்கலாம்.

இரண்டாம் நாள்: விடியலில் நார்த்தாமலை

மூன்று நாளில் ஒரே ஓர் இடத்துக்குத்தான் நேரம் இருக்கிறது என்றால் இங்கே போங்கள் என்பேன். திருச்சி செல்லும் பேருந்தில் ஏறி நார்த்தாமலைப் பிரிவில் இறங்கி, ஏறத்தாழ இரண்டு கிலோமீட்டர் உள்ளே நடந்தால் ஊர் வரும். அங்கிருந்து மேலமலைக்கு ஒற்றையடிப் பாதையாகப் போய்ப் பாறைச் சரிவில் ஏற வேண்டும். முதல்முறை நான் போனது ஒரு சித்திரை மாதத்து நண்பகலில், ஒரு பாட்டில் தண்ணீரோடு. கோயிலை எட்டியபோது கண் இருட்டியது. விமானத்தின் நிழலில் படுத்துக் கிடந்துவிட்டு, எதையும் பார்க்காமல் இறங்கினேன். ஆகவே காலை ஏழு மணிக்குள் ஊரைக் கடந்துவிடுங்கள். வழியில் எதிர்ப்படும் ஆடு மாடு மேய்ப்பவரிடம் பாதையை உறுதிசெய்துகொள்ளுங்கள். கற்கோயில் என்றோ சமணர் குடகு என்றோ சொன்னால் கையை நீட்டிக் காட்டிவிடுவார்கள்.

நகரத்தார் மலை என்பதே நார்த்தாமலை ஆனது. இடைக்காலத்தில் வணிகக் குழுக்கள் செல்வாக்கோடு இருந்த ஊர் இது; சோழர் காலக் கல்வெட்டுகள் தெலுங்ககுலகாலபுரம் என்று இதைக் குறிக்கின்றன. மேலமலை, கடம்பர்மலை, ஆளுருட்டிமலை, பொம்மமலை என்று ஒன்பது குன்றுகள் இதைச் சேர்ந்தவை. அவற்றில் மேலமலையில் பாறை தட்டையாக விரியும் ஓரிடத்தில், ஒரு கற்றளியும் (கல்லால் கட்டிய கோயிலும்) அதற்கு நேர் எதிரே இரண்டு குடைவரைகளும் இருக்கின்றன.

கற்றளியின் பெயர் விஜயாலய சோழீசுவரம். பெயரைப் பார்த்து, பிற்காலச் சோழ மரபைத் தொடங்கிய விஜயாலயன் கட்டியது என்று பலர் சொல்வார்கள். வாயிற்காவலர் சிற்பத்தின் கீழ் உள்ள கல்வெட்டுச் சொல்வது வேறு. சாத்தன் பூதி என்னும் இளங்கோவதியரையன் எடுப்பித்த கற்றளி மழையால் சிதைய, மல்லன் விடுமன் என்னும் தென்னவன் தமிழதியரையன் அதைப் புதுக்கினான் என்பது அதன் செய்தி. சாத்தன் பூதி முத்தரையர் குலத்தவன். வெளியே சதுரமாகத் தெரியும் கோயிலின் உள்ளே கருவறை வட்டமாக இருக்கிறது. வட்டத்துக்கும் சதுரத்துக்கும் இடையே சுற்றிவரச் சிறு பாதை உண்டு. விமானத்தை விலகி நின்று பார்த்தால், மேலே போகப் போகச் சதுரம் வட்டமாக மாறுவதைக் காணலாம். கோயிலைச் சுற்றிலும் சிறு சிறு துணைக்கோயில்கள் நிற்கின்றன, சில அடித்தளத்தோடு முடிந்துவிட்டன. காப்பாளர் வந்திருந்தால் கதவைத் திறந்து காட்டுவார். வராவிட்டாலும் வெளிப்புறமே ஒரு மணி நேரத்துக்குப் போதும்.

கோயில் மேற்குப் பார்த்தது, குடைவரைகள் கிழக்குப் பார்த்தவை. எனவே காலையில் முதலில் குடைவரைகளைப் பார்க்க வேண்டும். ஒளி நேராக உள்ளே விழும். சிறியது பழியிலி ஈசுவரம். நிருபதுங்க பல்லவனின் 7ஆம் ஆட்சியாண்டில் விடேல்விடுகு முத்தரையனின் மகன் சாத்தன் பழியிலி இதைக் குடைவித்தான். பெரியதை ஊரார் சமணர் குடகு என்பர். பெயரில் சமணம் இருந்தாலும் உள்ளே இருப்பவர் திருமால், ஒருவரல்லர், பன்னிருவர். ஏறக்குறைய ஆளுயரத்தில், ஒரே அச்சில் வார்த்தாற்போல் பன்னிரண்டு திருமால் உருவங்கள் சுவரில் வரிசையாக நிற்கின்றன. கல்வெட்டில் இதன் பெயர் பதினெண்பூமி விண்ணகரம். முன்னால் உள்ள மேடையின் அடித்தளத்தில் யானைகளும் யாளிகளும் ஒன்றை ஒன்று துரத்தும் வரிசை ஓடுகிறது. ஒவ்வொரு யானையின் துதிக்கையும் வேறு வேறு செயலில் இருப்பதைக் கவனியுங்கள். பன்னிரண்டு பெருமாள்களும் ஒருபோல இருக்கும் இடத்தில் யானைகள் மட்டும் தம் விருப்பப்படி நடக்கின்றன.

ஏறும் வழியில் தலையருவி சிங்கம் என்னும் சுனை இருக்கிறது. அதன் நீருக்கடியில் லிங்கத்தோடு கூடிய சிறு குடைவரை ஒன்று உண்டு. நீர் வற்றிய காலத்தில் மட்டுமே வெளிப்படும் என்பதால் பார்க்க முடியும் என்ற எதிர்பார்ப்போடு போக வேண்டாம். நீரில் இறங்கவும் வேண்டாம், சுனைகளின் விளிம்பு வழுக்கும், ஆழம் தெரியாது. பத்தரை மணிக்குள் கீழே இறங்கிவிடுங்கள். ஊருக்குள் உள்ள முத்துமாரியம்மனை வணங்கிவிட்டு, கால் தாங்கினால் கடம்பர்மலை அடிவாரத்துக் கோயிலையும் பார்த்துவிட்டு, பிரிவுச் சாலைக்கு வந்து நகருக்குத் திரும்பலாம். விரைவுப் பேருந்துகள் பிரிவில் நில்லாமல் போகக்கூடும். சாதாரண வண்டிக்காகக் காத்திருக்கும் பொறுமை வேண்டும்.

மாலையில் குடுமியான்மலை

நண்பகல் உணவும் சிறு உறக்கமும் முடித்து, மாலை நடை திறக்கும் நேரத்துக்குக் குடுமியான்மலையில் இருக்கும்படி புறப்படுங்கள். நகரிலிருந்து ஏறக்குறைய 20 கிலோமீட்டர். சிகாநாதர் கோயிலின் முன் மண்டபத் தூண்களில் நாயக்கர் காலச் சிற்பங்கள் நிறைந்திருக்கின்றன. மோகினி, இரதி, நரசிம்மர், பத்துத் தலை இராவணன் ஆகியோரைக் குழந்தைகள்கூட அடையாளம் கண்டு மகிழ்வார்கள். ஆனால் முதலில் அங்கே நின்றுவிட்டால் வெளிச்சம் போய்விடும். நேராகக் கோயிலுக்குப் பின்னுள்ள பாறைக்குப் போக வேண்டும். மேலைக்கோயில் என்னும் குடைவரையும் அதன் பக்கத்துப் பாறையில் இசைக் கல்வெட்டும் அங்கேதான் இருக்கின்றன. பூட்டியிருந்தால் காப்பாளரையோ கோயில் அலுவலரையோ கேளுங்கள்.

13 அடிக்கு 14 அடி என்ற அளவில் பாறையையே ஓர் ஏடாக்கி, வடமொழியை எழுதப் பயன்பட்ட பல்லவ கிரந்த எழுத்தில் 38 வரிகள் வெட்டியிருக்கிறார்கள். மத்தியமகிராமம், ஷட்ஜகிராமம், ஷாடவம், சாதாரிதம், பஞ்சமம், கைசிகமத்தியமம், கைசிகம் என்னும் ஏழு பண்களுக்குரிய சுரங்கள் நந்நான்காகக் கட்டங்கட்டமாக அடுக்கப்பட்டுள்ளன. உருத்திராசாரியரின் மாணவனும் சிவபக்தனுமான ஓர் அரசன், கற்கிற மாணவர்களுக்காகச் செய்தது என்று இறுதியில் இருக்கிறது; அவன் யார் என்பதில் ஆய்வாளர்களிடையே கருத்து வேறுபாடு உண்டு. எழுத்து வடிவத்தைக் கொண்டு 7ஆம் நூற்றாண்டை ஒட்டியது என்பர். வடமொழியில் ஓடிவரும் கல்வெட்டு முடியும் இடத்தில் “எட்டிற்கும் ஏழிற்கும் இவை உரிய” என்று தமிழுக்கு மாறுகிறது. கிரந்தம் படிக்கத் தெரியாவிட்டாலும் இந்த வரியைத் தேடிப் பிடிக்க முயலுங்கள். சுர எழுத்துகளுக்குமேல் இட்ட சிறு புள்ளிகளையும் சாய்ந்த ஒளியில் காணலாம். அவை வீணை வாசிப்போருக்கான குறிகள் என்று கருதப்படுகிறது.

வெளிச்சம் மிஞ்சியிருந்தால், பாறையின் மேற்பகுதியில் விடைமேல் அமர்ந்த சிவனும் உமையும் நடுவில் இருக்க 63 நாயன்மார்களை வரிசையாகச் செதுக்கியிருப்பதைக் கீழிருந்தே பாருங்கள். அதன்பின் மண்டபத்துக்கு வரலாம். இறைவனுக்குக் குடுமி வந்த கதையை அர்ச்சகரிடமே கேளுங்கள். பூசைப் பூவில் அரசன் கண்ட மயிரிழையைப் பற்றி அவர் சொல்லும் விதம் எந்த நூலிலும் கிடைக்காது. கடைசிப் பேருந்தின் நேரம் மட்டும் மறந்துவிடக் கூடாது.

மூன்றாம் நாள்: மூன்றில் ஒன்று

மூன்றாம் நாளுக்கு மூன்று திசைகள் இருக்கின்றன, ஒன்றைத் தேர்ந்தெடுக்க வேண்டும்.

முதியவர்களும் குழந்தைகளும் உடன் வந்திருந்தால் காரைக்குடிச் சாலையில் 20 கிலோமீட்டரில் உள்ள திருமயம் எளிது. கிழவன் சேதுபதி 1687-இல் கட்டிய கோட்டையின் உச்சியில் பீரங்கி நிற்கிறது. பாதி வழியில் பாறையைக் குடைந்த சிறு சிவன் கோயில் இருக்கிறது. அடிவாரத்தில் ஒரே பாறையை அடுத்தடுத்துக் குடைந்து சத்தியகிரீசுவரரும் பள்ளிகொண்ட பெருமாளும் அண்டை வீட்டுக்காரர்களாக இருக்கிறார்கள். இருவர் கோயிலாருக்கும் இடையே இருந்த வழக்கு 13ஆம் நூற்றாண்டில் தீர்க்கப்பட்டுக் கல்லிலும் பொறிக்கப்பட்டது. கோயில்கள் நண்பகலில் நடை சாத்திவிடும் என்பதால் காலையில் கோயில், பிறகு கோட்டை என்ற வரிசையில் போக வேண்டும். சாலையோரத்துக் கோட்டை பைரவருக்குத் தேங்காய் உடைக்காமல் போகும் ஓட்டுநர் குறைவு. பேருந்து அங்கே நின்றால் வியப்படைய வேண்டாம்.

கல்வேலையில் மனம் ஊன்றியவர் ஆவுடையார்கோயிலுக்குப் போகட்டும். ஏறக்குறைய 50 கிலோமீட்டர் என்பதால் ஒரு முழு நாளும் அதற்கே ஆகும். மாணிக்கவாசகரின் திருப்பெருந்துறை இது. கருவறையில் லிங்கம் கிடையாது, அதன் பீடமான ஆவுடை மட்டுமே உண்டு. படைத்த சோற்றின் ஆவியே நிவேதனம். மண்டபங்களின் கல் கொடுங்கைகளில், அதாவது வளைந்து இறங்கும் கூரை விளிம்புகளில், மரச்சட்டங்களையும் ஆணிகளையும் போலக் கல்லிலேயே செதுக்கியிருக்கிறார்கள். அக்காலச் சிற்பிகள் வேலை ஒப்பந்தம் எழுதும்போது ‘ஆவுடையார்கோயில் கொடுங்கை நீங்கலாக’ என்று எழுதுவார்கள் என ஒரு வழக்குச் சொல்வார்கள். ஓலைச் சுவடி சான்று இருக்கிறதோ இல்லையோ, அண்ணாந்து பார்த்த பிறகு அதை நம்பாமல் இருப்பது கடினம்.

திருச்சிக்கோ மதுரைக்கோ அன்றே ஊர் திரும்ப வேண்டியவருக்கு நான் சொல்வது கொடும்பாளூர். பையைத் தூக்கிக்கொண்டு விடுதி அறையை ஒப்படைத்துவிட்டு விராலிமலை போகும் பேருந்தில் ஏறுங்கள். விராலிமலையில் மயில்கள் அகவும் குன்றின் மேல், சுருட்டை நிவேதனமாக ஏற்கும் முருகன் இருக்கிறார். காலையிலேயே அவரைப் பார்த்துவிடலாம். அங்கிருந்து மதுரை நெடுஞ்சாலையில் சற்றுத் தெற்கே போனால் கொடும்பாளூர். நெடுஞ்சாலையில் இறங்கி நடந்து போகும் தொலைவில் மூவர் கோயில் இருக்கிறது. இவ்வூரை ஆண்ட இருக்குவேள் மரபைச் சேர்ந்த பூதி விக்கிரமகேசரி, தன் பெயராலும் தன் மனைவியர் கற்றளி, வரகுணை ஆகியோர் பெயராலும் மூன்று விமானங்கள் எடுத்ததாக இங்குள்ள வடமொழிக் கல்வெட்டுச் சொல்கிறது. இன்று இரண்டே நிற்கின்றன, மூன்றாவதற்கு அடித்தளம் மட்டும் இருக்கிறது. சுற்றிலும் இருந்த 15 துணைக்கோயில்களின் அடித்தடம் புல்லுக்கு நடுவே தெரியும். நிற்கும் இரண்டின் மேல்தளங்களில் உள்ள சிற்பங்களைக் காண இருநோக்கி ஒன்று கையில் இருந்தால் நல்லது. கீழிருந்து பார்க்கும் கண்ணுக்கு அவற்றின் முகக்குறிப்பு எட்டுவதில்லை.

கோவலனும் கண்ணகியும் மதுரைக்கு நடந்தபோது, அவர்களுக்கு வழி சொல்லும் மறையவன் கொடும்பையின் நெடிய குளத்தைக் கடந்தால் பாதை சூலம்போல் மூன்றாகப் பிரியும் என்கிறான் என்பது சிலப்பதிகாரச் செய்தி. அந்தக் கொடும்பை இந்த ஊர்தான். இன்றும் ஊரில் குளம் இருக்கிறது, பாதைகளில் ஒன்று நான்குவழிச் சாலையாகிவிட்டது. பிற்பகல் நான்கு மணிக்குள் அந்தச் சாலைக்கு வந்துவிடுங்கள். நெடுந்தூரப் பேருந்துகள் இங்கே கை காட்டினாலும் நிற்பதில்லை. முதலில் வரும் சாதாரண வண்டியில் திருச்சிக்குப் போகிறவர் விராலிமலைக்கும், மதுரைக்குப் போகிறவர் துவரங்குறிச்சிக்கும் போய், அங்கிருந்து வண்டி மாறிக்கொள்ளலாம்.